இணையம்: பிழை யாருடையது?

"சர்வர் டவுன்!" இந்த இரண்டு சொற்களைக் கேட்டுத் தலையைத் தொங்கவிட்டபடி வீடு திரும்பாத மாணவர் நம் கல்லூரியில் எத்தனை பேர் இருப்பர்? மழை பெய்தால் குடை பிடிக்கிறோம். மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இந்தச் சொற்களைக் கேட்டால் மட்டும் ஏன், எதனால் என்று ஒரு வார்த்தையும் கேளாமல், ஏதோ தெய்வக் குற்றம் நேர்ந்துவிட்டது போல ஏற்றுக்கொள்கிறோம். இணையம் என்பது யாது, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறியாததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

"மின்சாரம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டா விளக்குப் போடுகிறோம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் விளக்கு எரியாவிட்டால் பல்பு போயிற்றா, பியூஸ் போயிற்றா, தெருவுக்கே மின்சாரம் இல்லையா என்று நம் வீட்டுப் பாட்டிகூட எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். இணையத்தில் அந்த அளவு அறிவாவது நமக்கு வேண்டாமா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முதலாண்டில் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வருமானச் சான்று கைக்கு வந்ததே கடைசி நாள் காலையில்தான். அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு என்னுடன் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். மாலை வரை உட்கார்ந்திருந்தோம். திரையில் '503' என்ற எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் மீண்டும் மீண்டும் வந்தன. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். மறுநாள் கெடு முடிந்திருந்தது. "கடைசி நாள் வரை என்ன செய்தாய்?" என்று அலுவலகத்தில் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். தவறு என்னுடையதே என்று நானும் நம்பினேன். அந்த 503 என்ற எண்ணின் பொருளை அறிந்தது ஆறு மாதம் கழித்து, நம் கல்லூரி நூலகத்தில்!

முதலில் இணையத்தின் பிறப்பைப் பார்ப்போம். 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஒன்றிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். 'எல்', 'ஓ' என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணிப்பொறி நின்றுபோயிற்று. இணையத்தின் தாயான அந்த வலையில் முதற்செய்தி சென்ற அன்றே 'சர்வர் டவுன்'! ஆனால் அவர்கள் வீடு திரும்பவில்லை. பழுது எங்கே என்று தேடிச் சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரத்தில் முழுச் சொல்லையும் அனுப்பினர். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செய்தி எவ்வாறு செல்கிறது? தென்காசியிலிருந்து சென்னைத் திருமணத்துக்கு நாற்பது உறவினர் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அனைவரும் ஒரே வண்டியில் போக வேண்டியதில்லை. சிலர் மதுரை, திருச்சி வழியாகவும் சிலர் சேலம் வழியாகவும் போகலாம். ஒவ்வொருவர் கையிலும் மண்டபத்தின் முகவரியும் ஒரு வரிசை எண்ணும் இருந்தால் போதும். வாசலில் நிற்பவர் எண்ணைச் சரிபார்த்து உட்கார வைப்பார். இணையமும் இப்படியே ஒரு படத்தையோ கடிதத்தையோ சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. வழியில் உள்ள 'ரௌட்டர்' என்னும் சந்திப்புகள் முகவரியைப் பார்த்து அடுத்த பாதையைக் காட்டுகின்றன. ஒரு பொட்டலம் காணாமற்போனால், ஆளைத் தேடுவது போலத் தேட வேண்டியதில்லை. இன்னொரு படி அனுப்பினால் போதும். இந்த ஒழுங்கை வின்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974இல் வகுத்து வெளியிட்டனர். 1983 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

இந்தப் பொட்டலங்கள் வானத்தில் பறப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே அது உண்மை. கண்டம் விட்டுக் கண்டம் செல்வனவற்றுள் பெரும்பகுதி கடலடியில், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளுக்குள் ஒளியாக ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள சுமார் 3,200 கிலோமீட்டர் கம்பியைக் கடக்க ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே ஆகும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கம்பிகள் இரண்டு பழுதுபட்டதும் இந்தியாவில் இணையம் தள்ளாடியது. அப்போதும் பொட்டலங்கள் கிழக்கே பசிபிக் வழியாகச் சுற்றிச் சென்றன. ஆம், பாதை அறுந்தால் வேறு பாதை உண்டு.

ஆனால் மண்டபத்தின் வாசல் ஒன்றே! அந்த வாசல்தான் சர்வர். அது மாயப்பொருள் அன்று. கேட்டதற்குப் பதில் தரும் ஒரு கணிப்பொறி, அவ்வளவே. ரேஷன் கடையில் ஒரே ஒருவர் எடை போட, ஐந்நூறு பேர் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? அதுவே கடைசி நாளன்று இங்கும் நேர்கிறது. இதில் ஒரு நேர்மையும் உண்டு. பிழை யார் பக்கம் என்பதைச் சர்வரே எண்ணால் ஒப்புக்கொள்கிறது. 400 வரிசை எண் வந்தால் நாம் கேட்டதில் பிழை. 404 என்றால் நாம் கேட்ட பக்கம் அங்கே இல்லை என்று பொருள். 500 வரிசை எண் வந்தால் பிழை அவர்கள் பக்கம். 503 என்றால், "இப்போது என்னால் பதில் தர இயலவில்லை" என்று பொருள். இயந்திரம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னும், அதை அறியாத நான் அலுவலகத்தில் குற்றவாளியாக நின்றேன்.

எனவே நண்பர்களே, இது வெறும் அறிவியல் செய்தி அன்று. உரிமை பற்றிய செய்தி. இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் கூறியது. தளத்துக்கொரு விலை வைத்து இணையத்தை விற்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் ஆணையிட்டது. அதற்கு முன்னர் இலட்சக்கணக்கான மக்கள் ஆணையத்துக்கு எழுதினர். இணையம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவர்கள் முன்நின்று விளக்கியதால்தானே அத்தனை பேர் எழுதினர்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, முதலாண்டு மாணவர் அனைவருக்கும், எப்பிரிவினராயினும், இணையம் இயங்கும் முறையைப் பேராசிரியர்கள் ஒரு மணி நேரமாவது கற்பிக்க வேண்டும். இரண்டாவது, கெடு நாளில் சர்வர் நின்றால் கெடுவை நீட்டிக்க வேண்டும்; இல்லையேல் தாளில் எழுதிய விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகம் பெற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நமக்கே! திரையில் தோன்றும் எண்ணையும் நேரத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சாட்சி.

கடைசி நாள் வரை காத்திருக்கும் சோம்பலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சான்றிதழுக்கு அலைந்து கடைசி நாளில் வருபவனும் சோம்பேறியும் ஒருவர் அல்லர். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத நம்மைப் போன்றோர்க்குக் கல்லூரிதானே வீடு? அடுத்த ஆண்டு என் தங்கையும் விண்ணப்பிப்பாள். 503 என்றால் என்ன என்பது அவளுக்கு இப்போதே தெரியும். அவள் தலைகுனிந்து நிற்கமாட்டாள்.