தையல் டீச்சருக்கும் ஓய்வுக்காலம் உண்டு

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் தையல் டீச்சரைத் தெரியாத வீடு குறைவு. திங்கட்கிழமை ஒரு டிவிசன், செவ்வாய்க்கிழமை இன்னொரு டிவிசன் என்று வாரத்தில் ஐந்து நாளும் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய் நமது பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறார். சில இடங்களில் வகுப்பு பிள்ளைக் காம்பராவில் நடக்கும், சில இடங்களில் கோயில் மண்டபத்தில். அவரிடம் பழகியவர்கள் இன்று ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் லயத்து வாசலில் மெசினைப் போட்டுப் பாடசாலைச் சீருடை தைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது. இந்த வேலையில் 27 ஆண்டுகள் போய்விட்டன. "நின்றுவிட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று நமது சங்கக் காரியாலயத்துக்கு வந்து கேட்டார். நியமனக் கடிதம் இல்லை. சம்பளத் துண்டு இல்லை. சேமலாப நிதி இலக்கமும் இல்லை. வகுப்புகளை நடத்தும் நிறுவனம் வந்த நாளுக்குக் கொடுப்பனவு கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டதோடு சரி. "நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, வந்துபோகும் ஆசிரியை" என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட பதில்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. செக்ரோலில் பேர் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். வேலை வாங்கும்போது ஆள் வேண்டும். பொறுப்பு என்று வந்தால் அந்த ஆள் வெளியாள்.

சட்டம் சொல்வது வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாகவோ, நாட்கூலிக்கோ, துண்டு வேலைக்கோ உழைப்பவரும் அதற்குள் வருவார். கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் அமர்த்தினாலும் அது வேலை ஒப்பந்தமே. ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபா சம்பளத்துக்கு இரண்டு நிதியிலுமாக 230 ரூபா சேர்ந்திருக்க வேண்டும். டீச்சரின் பேரில் ஒரு ரூபாவும் சேரவில்லை.

பணிக்கொடை இன்னொரு கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு அது உரித்து. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். 27 ஆண்டுக்கு 378 நாள் சம்பளம் வருகிறது. வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும்.

சிறிய சமய, சமூக சேவை அமைப்புகளுக்குச் சேமலாப நிதியில் விதிவிலக்கு உண்டு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆகவே டீச்சரை அமர்த்தியது யார், அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். வரவுப் புத்தகங்கள், கொடுப்பனவுச் சிட்டைகள், பழைய மாணவிகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டி, தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யச் சங்கம் அவருடன் நிற்கும். அவரிடம் படித்தவர்கள் தங்கள் சான்றிதழின் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து உதவுங்கள். எந்த ஆண்டு, எந்த டிவிசனில் படித்தீர்கள் என்றும் எழுதிக் கொடுங்கள்.

டீச்சரின் நிலை நம் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. முன்பள்ளி ஆசிரியை, கொந்தராத்து வேலைக்காரர், கொழும்பில் கடையில் நிற்கும் நம் பிள்ளை என்று இலக்கம் இல்லாமல் உழைப்பவர்கள் எத்தனையோ பேர். சம்பள நாளில் கையில் வரும் காசை மட்டும் எண்ணாமல், சேமலாப நிதி பிடித்தார்களா, கட்டினார்களா என்று கேளுங்கள். செக்ரோலில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் "லெட்சுமி", மற்றதில் "லக்ஷ்மி" என்று இருந்தால், காசு எடுக்கப் போகும் நாளில் அலைச்சல்தான். ஐம்பத்தைந்து வயதில் திருத்த ஓடுவதைவிட இருபத்தைந்தில் திருத்துவது எளிது. சம்பளத் துண்டுகளை அடுப்பு மூட்டப் போடாதீர்கள். ஒரு பையில் கட்டி வையுங்கள்.

27 ஆண்டு நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கொடுத்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது. டீச்சருக்காகக் கேட்கும் இந்தக் குரல், இலக்கம் இல்லாமல் உழைக்கும் ஒவ்வொருவருக்குமானது. அப்படிப்பட்டவர்கள் உங்கள் டிவிசனில் யார் யார் என்று தோட்டக் கமிட்டி அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பட்டியல் எடுத்து அனுப்பட்டும். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.