வீடே பள்ளியாகும்போது

வீட்டுக் கல்வியின் முதல் நன்மை, குழந்தையின் வேகத்துக்கேற்பப் பாடம் நடப்பது. அன்றாட வீட்டு வேலையும் பாடமாகும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்லிக்கு ஊறப்போடும்போது, ஆறு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் உளுந்து என்று அளந்து பார்க்கும் பிள்ளைக்கு விகிதம் கைப்பழக்கமாகிவிடுகிறது. புரியாத பாடத்தில் ஒரு வாரம் தங்கலாம்; புரிந்ததை ஒரே நாளில் கடக்கலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்குக் கட்டாயக் கல்வியை வலியுறுத்துகிறது. வீட்டுக் கல்வியைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. சான்றிதழுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி கைகொடுக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள், குறைந்தது ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேறி, பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.

பெற்றோரில் ஒருவர் தினமும் சில மணிநேரம் ஒதுக்கியாக வேண்டும். விளையாட்டுத் திடல், நூலகம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் தோழமை ஆகியவையும் தேவை. இவற்றைத் தர முடிந்த வீட்டுக்கே இந்த வழி பொருந்தும்.