முதல் பலகைக்குச் சக்கரத்தைப் பாருங்கள்

ஆடிக் காற்று திண்டுக்கல் சமவெளியில் புழுதி கிளப்பும்போது, வற்றிக் கிடக்கும் கண்மாயைப் பார்க்கும் இளைஞருக்குச் சறுக்க ஆசை வந்தால் அது நியாயமே. இராமேசுவரத்தில் பட்டம் இழுக்கக் கடல்மேல் சறுக்குகிறார்கள். இங்கே அதேபோல் பட்டம் இழுக்க மண்மேல் சறுக்கலாம். அதற்கான பலகை மவுண்டன்போர்டு. பனியில்லாத மாதங்களிலும் மலைச்சரிவில் சறுக்க வேண்டும் என்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. காற்றடைத்த நான்கு சக்கரம் கொண்டது. முதல் பலகை வாங்குகிறவர் அதன்மேல் வரைந்த படத்தில் மயங்கிவிடக் கூடாது. காசைச் சக்கரத்தில் போடுங்கள் என்பதே என் கட்சி. எட்டு அங்குல டயர் போதும். கட்டி தட்டிய செம்மண் என்றால் ஒன்பது அங்குலம் முட்டாமல் உருளும். ஆனால் நம் கண்மாயில் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். காய்ந்து மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. டயரைத் துளைத்து டியூபில் ஏறிவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டலாம், அந்த அளவில் புது டியூப் கிடைப்பது கடினம். பலகையோடு நான்கு டியூப் சேர்த்தே வாங்குங்கள். கால்பட்டை, விழும்போது கால் கழன்று வரும்படி தளர்வாக இருக்கட்டும். தலைக்கவசம் பற்றி விவாதமே வேண்டாம். பட்டத்தின் கயிறு இருபது மீட்டருக்கு மேலும் நீளும். மின்கம்பி கண்ணில் படும் இடத்தில் தயவுசெய்து பட்டத்தை விரிக்காதீர்கள்.