பயிற்சியா, பகற்கொள்ளையா?

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளியின் மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். 2024 ஜூன் மாதம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு மோட்டார் உதிரிபாக ஆலைக்கு ஒரு வருஷ அப்ரண்டிஸாகப் போனான். வருஷம் முடிந்து சர்ட்டிபிகேட்டும் கையுமாக வீடு திரும்பினான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த தகப்பனார் தலை நிமிராமலே கேட்டார்:

“ஒரு வருஷம் போயிட்டு வந்தியே, என்னடா கத்துக்கிட்டே?”

“ரெண்டு பட்டனை ஒரே சமயத்துல அழுத்தக் கத்துக்கிட்டேம்பா.”

சிரித்துவிட்டுப் போகிற பதிலல்ல இது. முதல் ஒரு வாரம் வகுப்பு நடந்தது. தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது, ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, கம்பெனியின் லட்சியங்கள் எவை - இதுதான் பாடம். எட்டாம் நாள் பிரஸ் மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். தகட்டை வை, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்து, எடு, பெட்டியில் போடு. பதினோரு மாதத்துக்கு மேல் அதே தகடு, அதே பட்டன். (கை உள்ளே மாட்டி நசுங்கக் கூடாது என்றுதான் இரண்டு பட்டன் வைத்திருக்கிறார்கள். அந்த மட்டில் நல்ல ஏற்பாடு; குறை சொல்வதற்கில்லை.) டை எப்படிச் செய்கிறார்கள், அது தேய்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, அளவு தவறினால் கோளாறு எங்கே என்றெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பையன் ஆசையோடு போனான். டூல் ரூம் பக்கம் தலைகாட்டினால், “அங்கே உனக்கென்ன வேலை? இன்றைய கணக்கு முடிந்ததா?” என்று அதட்டல். ராத்திரி ஷிப்டும் உண்டு. பக்கத்து மெஷினில் நிரந்தரத் தொழிலாளி எத்தனை அடிக்கிறாரோ அத்தனையும் இவனும் அடித்தாக வேண்டும். வேலை நேரமெல்லாம் தொழிலாளி. சம்பள நாளன்று மட்டும் மாணவன்!

சம்பளம் என்று சொல்வதுகூடத் தப்பு. அதன் பெயர் ஸ்டைபண்டு. 2019-ல் திருத்திய விதிப்படி டிப்ளமா படித்தவனுக்கு மாதம் 8,000 ரூபாய் குறைந்தபட்சம். இவனுக்கு அந்தக் குறைந்தபட்சமேதான். மாதம் 26 நாள் என்று வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 308 ரூபாய்கூட முழுசாக வராது. 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய்! ஏரிக்கரையில் மண் வெட்டும் விவசாயத் தொழிலாளியின் கூலியே போதாத கூலி. அதற்கும் கீழே நிற்கிறான் மூன்று வருஷம் படித்த பையன். இந்த 8,000-லும் பாதி மத்திய சர்க்காரின் கஜானாவிலிருந்து போகிறது. அதாவது முதலாளியின் மடியிலிருந்து நாளைக்கு 154 ரூபாய். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்கு என்ன அனுப்பியிருப்பான் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

அப்ரண்டிஸ் என்ற சொல் ஆரணிக்குப் புதிதாக இருக்கலாம், விஷயம் புதிதல்ல. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளி உடலை நெய்வார். பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்குக் கூலி எங்கே என்று கேட்டால், “தொழில் கற்றுக்கொள்கிறானே, அதுவே கூலிதானே” என்பது பதில். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை வருஷக்கணக்கில் தறியில் உட்கார்ந்த கதைகளைப் பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கிராமத்தில் மிராசுதார் வீட்டில் மாடு மேய்த்த பையனுக்கும் இதே நியாயம்தான்: சோறு போடுகிறோம், வேலை பழக்குகிறோம், சம்பளம் எதற்கு? கொத்தடிமை முறையை ஒழித்து 1976-ல் சட்டம் வந்தது. ஆனால் “கற்றுக்கொள்கிறான்” என்ற அந்த ஒரு வார்த்தையை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. அது வேட்டி மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு ஆலைக்குள் நுழைந்துவிட்டது.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். தறிக்குப் போன சிறுவன் கடைசியில் நெசவாளி ஆனான். வயிறு காய்ந்தாலும் தொழில் கைக்கு வந்தது. பிரஸ் மெஷினில் நின்ற நம் பையனுக்கு அதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தை மார்க்ஸ் 1867-லேயே எழுதி வைத்தார். இங்கிலாந்தின் அச்சகங்களில் ஒரு காலத்தில் அப்ரண்டிஸ் சுலபமான வேலையில் ஆரம்பித்துப் படிப்படியாக முழு அச்சுத் தொழிலாளி ஆனான். எழுதப் படிக்கத் தெரிவதும் அந்தத் தொழிலுக்கு அவசியமாக இருந்தது. அச்சு மெஷின் வந்த பிறகு சிறுவர்களுக்குக் காகிதத்தை விரிப்பதும் எடுப்பதும்தான் வேலை. பதினேழு வயது வந்ததும் வெளியே போ! வேறு எந்தத் தொழிலும் தெரியாது. லண்டனில் காகிதம், ஸ்ரீபெரும்புதூரில் தகடு.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947-ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று இலக்கணம் சொன்னபோது அப்ரண்டிஸையும் அதில் சேர்த்தது. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது ஷரத்து, அவன் பயிற்சி பெறுபவனே தவிர தொழிலாளி அல்ல என்றது. 2014-ல் திருத்தம் வந்தது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை என்றிருந்தது போயிற்று, அபராதம் மட்டும் நின்றது. வேலை நேரத்தை முதலாளியே நிர்ணயிக்கலாம் என்றும் ஆயிற்று. மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைக்கலாம் என்று 2019 விதி கதவை அகலத் திறந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, இலக்கணத்திலேயே கை வைத்தது: தொழிலாளி என்றால் அப்ரண்டிஸ் நீங்கலாக! அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒன்றும் தொழிலாளியின் காவலர்கள் அல்ல. அவர்கள் சேர்த்ததைக்கூட இவர்கள் அடித்துவிட்டார்கள்.

2024 அக்டோபரில் பிரதம மந்திரி பெயரில் இன்னொரு திட்டம் ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பெரிய கம்பெனிகளில் ஒரு வருஷப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய். அதில் சர்க்கார் தருவது 4,500, கம்பெனி தருவது 500! நாட்டிலேயே பெரிய 500 கம்பெனிகள் என்று பொறுக்கி எடுத்துவிட்டு, அந்த மகாராஜாக்களிடம் ஓர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய்தான் கேட்க முடிந்ததாம்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை மூன்று வருஷம் அப்ரண்டிஸ் என்று ஹாஸ்டலில் அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டியதை நேரில் பார்த்தவர்கள் நீங்கள்.

பயிற்சியே வேண்டாம் என்கிறோமா? யார் அப்படிச் சொன்னது? நெசவாளியின் மகன் டை செய்யக் கற்க வேண்டும், லேத் பிடிக்க வேண்டும், டிராயிங் படிக்க வேண்டும். நாங்கள் கேட்பது சாதாரணக் கேள்வி. கற்றுக் கொடுத்தால் பயிற்சி என்று சொல். உற்பத்தியில் நிறுத்தினால் உற்பத்திக்குரிய கூலியைக் கொடு.

இங்கே நிரந்தரத் தொழிலாளித் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. “இந்தப் பையன்கள் வந்துதான் வேகத்தை ஏற்றிவிடுகிறார்கள், நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்” என்று கேண்டீனில் பேசிக்கொள்வது காதில் விழாமலில்லை. வேகத்தை ஏற்றுவது பையனா, சூபர்வைசரா? 2011 அக்டோபரில் ஹரியானாவில் மானேசர் மாருதி ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று நிரந்தரத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். பெயர்ப் பட்டியல் வேறு வேறு, லைன் ஒன்று என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சட்டம் பல்லிழந்து போனாலும் அதில் சில ஷரத்துகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸிடம் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஆலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு முதலாளியின் பொறுப்பு. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று அதே 2014 திருத்தம் சொல்கிறது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவனுக்கே முன்னுரிமை என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கொள்கைக் காகிதத்தைக் காட்டு என்று எத்தனை ஆலைகளில் சங்கம் கேட்டிருக்கிறது? அடுத்த பேச்சுவார்த்தையில் பஞ்சப்படி, போனஸோடு இதையும் மேஜை மீது வையுங்கள். அப்ரண்டிஸ் பையன்களைச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சட்டம் அவனைத் தொழிலாளி என்று ஏற்காவிட்டால் சங்கமும் ஏற்கக் கூடாதா?

நம் பையன் இப்போது தகப்பனார் தறியில் கரைக்கு நாடா தள்ளுகிறான். வேலைக்கு மனுப் போட்டபடி இருக்கிறான். ஆலையில் அவன் விட்டு வந்த பிரஸ் மெஷினில் மறு வாரமே செங்கம் பக்கத்துப் பையன் ஒருவனை நிறுத்திவிட்டார்களாம். விவசாயத் தொழிலாளியின் மகன். அவனுக்கும் ஒரு வாரம் வகுப்பு நடந்ததாம்.