விவசாயியின் உழைப்பு கணக்கில் ஏன் குறைகிறது?

‘பனியன் கம்பெனித் தொழிலாளியைவிட விவசாயத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் குறைவு என்று வானொலியில் சொன்னார்கள். விடியற்காலையில் இருந்து பாடுபடும் நாங்கள் சோம்பேறிகளா?’

- வாசகி ஒருவர், மணப்பாறை.

இல்லை, அம்மா. அந்தக் கணக்கு வியர்வையை அளப்பதில்லை. விளைந்ததன் மதிப்பில் விதை, உரச் செலவுகளைக் கழித்து, மிச்சத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் வேளாண்மையில் இருக்கிறார்கள். மாநில வருமானத்தில் அதன் பங்கோ சுமார் 13 சதவிகிதம். வகுத்தால் நம் பக்கம் சிறுத்துத்தான் தெரியும்.

முக்கியக் காரணம் நிலத்தின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இங்கே ஒருவர் சாகுபடி செய்யும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தாலும், நடவிலும் அறுப்பிலும்தான் நால்வருக்கும் முழு வேலை. தையல் மெஷினோ ஆண்டு முழுக்க ஓடும் (ஆர்டர் இருக்கும்வரை!).

இன்னொன்று, நெல்லை நெல்லாகவே விற்றால் அந்த விலை மட்டும்தான் நம் கணக்கு. அரிசியாக்கும்போது கூடும் மதிப்பு ஆலைத்தொழில் கணக்கில் ஏறிவிடும். கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கும் குடும்பத்துக்கு அந்தப் பங்கும் கைக்கு வருகிறது. உங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செக்கு போட முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்.