நாற்றம் தரும் எச்சரிக்கை

நம் பிள்ளைகள் மேற்படிப்பின்பொருட்டு இலண்டனுக்குப் பயணமாகும்போது பெற்றோர் கொடுத்தனுப்பும் பொருள்கள் பல. மிளகாய்த்தூள், ஊறுகாய், கம்பளிச்சட்டை, அவற்றோடு ஆயிரம் புத்திமதிகள். அப்புத்திமதிகளுள் இன்னுமொன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு இவ்வாரம் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். அது வீட்டுக் கொதிகலனைப் பற்றியது.

குளிர்நாடாகிய பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளிற் சுவரோடு பொருத்திய பெட்டியொன்று இருக்கும். 'பொயிலர்' என்று வழங்கும் இக்கொதிகலன், இயற்கை வாயுவை எரித்து நீரைச் சூடாக்கி, அறைகளைக் கதகதப்பாக்கும் தகடுகளுக்கும் குளியலறைக்கும் அனுப்புகின்றது. வாயு தெருவின்கீழ்ச் செல்லும் குழாய் வழியே வருகிறது. நம் வீட்டுச் சிலிண்டரைப்போல் அது தீர்ந்துபோவதில்லை; கசியத் தொடங்கினால், அடைக்கும்வரை கசிந்துகொண்டேயிருக்கும்.

இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அப்படியாயின் அழுகிய முட்டையை ஒத்த அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது? மனிதன்தான் அதனைச் சேர்க்கிறான். கந்தகங் கலந்த சேர்வையொன்றை மிகச் சிறிதளவிற் கலந்துவிடுகிறார்கள். (நாற்றம் என்ற சொல் முன்னாளில் நறுமணத்தையே குறித்தது என்பதைத் தமிழ் கற்கும் மாணவர்கள் அறிவர். இங்கு இன்றைய பொருளே பொருந்தும்!)

இவ்வழக்கம் சட்டமானதன் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எண்ணெய்க் கிணறுகளாற் செல்வங் கொழித்த நியூ லண்டன் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பாடசாலையைப் பொதுக் கொதிகலன் ஒன்றின் நீராவியாற் சூடேற்றவே முதலில் எண்ணியிருந்தனர். பின்னர் அதனைக் கைவிட்டுக் கட்டடமெங்கும் வாயுச் சூடாக்கிகளைப் பொருத்தினர். 1937 சனவரியிற் செலவைக் குறைக்கும் நோக்குடன், எண்ணெய்க் கம்பனியொன்றின் கழிவு வாயுக் குழாயிலிருந்தே வாயுவை எடுக்கலாயினர். அது மணமூட்டப்படாத வாயு. தரைக்குக் கீழிருந்த வெற்றிடத்தில் அது கசிந்து நிறைந்ததை எவரும் அறிந்திலர். மார்ச் 18ஆம் நாள், பாடசாலை கலைவதற்குச் சற்று முன்னர், கைப்பணி ஆசிரியரொருவர் மின்சாரத் தேய்ப்புக் கருவியின் ஆளியைப் போட்டார். அதிலெழுந்த பொறியே தீமூட்டியது என்று கருதப்படுகிறது. மாண்டவர் ஏறத்தாழ 300 பேர். அவருட் பெரும்பாலோர் மாணவர். ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இதனை எழுதும்போது பேனா சற்றே நின்றுவிடுகின்றது. வாயுவுக்கு நாற்றமூட்டுதல் வேண்டுமென அவ்வாண்டிலேயே டெக்சாஸ் சட்டமியற்றியது.

காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்களவு மெதேன் சேர்ந்தாலன்றி அது தீப்பற்றாது. அவ்வளவின் ஐந்திலொரு பங்கிலேயே மூக்கு அதனை உணர்தல் வேண்டும் என்பது இன்றைய அமெரிக்க விதி. ஆகவே நாற்றம் எழுந்தவுடன் வீடு வெடித்துவிடும் என்று பதறவேண்டியதில்லை. நமக்குச் சிறிது அவகாசம் கிடைத்திருக்கிறது. அந்த அவகாசத்தை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதிலேதான் உயிர் தங்கியிருக்கிறது.

இருட்டில் நாற்றம் வந்தால் விளக்கைப் போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. அதுவே செய்யத்தகாதது. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எரியட்டும். அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். ஆளியைப் போடும்போது மட்டுமன்றி நிறுத்தும்போதும் பொறி எழலாம். காற்றை வெளியேற்றும் மின்விசிறியும் வாசல் மணியும் அவ்வாறே. கதவு யன்னல்களைத் திறந்து, வாயுமானியின் அருகேயுள்ள கைப்பிடியைத் திருப்புக. அது குழாய்க்குக் குறுக்காக நின்றால் வாயு அடைபட்டது என்பது பொருள். வாயுமானி நிலவறையில் இருந்து அங்கேயே நாற்றம் வீசுமாயின் உள்ளே இறங்கலாகாது. எல்லோரும் வெளியேறிய பின்னரே தொலைபேசியை எடுக்கவேண்டும். இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 0800 111 999 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். வருபவர் ஆபத்தை நீக்கிச் செல்வாரேயன்றிக் கொதிகலனைத் திருத்தமாட்டார். திருத்துவதற்கு, 2009 முதல் நடைமுறையிலுள்ள வாயுப் பாதுகாப்புப் பதிவேட்டிற் பெயருள்ளவரையே அழைக்கவேண்டும். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இலங்கையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் தாய்மார் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று. மெதேன் காற்றினும் இலேசானது. மேலெழுந்து கூரையை நாடும். நம் நாட்டுச் சிலிண்டரிலுள்ள புரொப்பேனும் பியூற்றேனும் காற்றினும் பாரமானவை. தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தை நாடும். நமது சுவாமியறைக் குத்துவிளக்கும் தரையிலேதான் எரிகின்றது! ஆகையால் இங்கு உயரத்து யன்னலை மட்டும் திறந்தாற் போதாது. முற்றத்துக் கதவையும் அகலத் திறக்கவேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டு அடுக்களைகளிற் பல வெடிப்புகள் நிகழ்ந்ததையும், வாயுவின் கலவை பற்றி எழுந்த விவாதத்தையும் வாசகர்கள் மறந்திரார். துர்நாற்றத்தைப் போக்கச் சாம்பிராணி போடும் நல்ல பழக்கத்தை, இந்த ஒரு நாற்றத்திற்கு மட்டும் விலக்கிவைக்கவேண்டும்.

மூக்கை முற்றாக நம்புவதற்குமில்லை. ஒரே மணத்தில் நெடுநேரமிருந்தால் அது சோர்ந்துவிடும். முதியோர்க்கும் தடிமன் கண்டோர்க்கும் மோப்பம் குறைவு. இவற்றினுங் கொடியது, கொதிகலன் செவ்வையாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டு. அதற்கு மணமூட்டுவார் யார்? குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்தோடு பற்றிக்கொள்கிறது. தலையிடி, குமட்டல், அயர்வு ஆகியவற்றைக் குளிர்க்காய்ச்சல் என்றெண்ணிப் போர்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வெளியே சென்றால் தலையிடி நீங்கி, வீடு திரும்பியதும் மீண்டும் வருமாயின் ஐயுறவேண்டும். நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாகச் சோம்பி எரிவதும், பெட்டியைச் சுற்றிக் கரி படிவதும் வேறு அறிகுறிகள்.

மலிவான அறையைத் தேடும் மாணவர், வீட்டுக்காரர் மனங்கோணுவாரென்று இவற்றைச் சொல்லாதிருந்துவிடுகின்றனர். அது வேண்டாத தயக்கம். வாடகை வீட்டின் வாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை சோதிப்பிக்கவேண்டுமென்று அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. புதிதாகக் குடிபுகுவோருக்கு அச்சோதனைப் பத்திரத்தின் பிரதியைக் கொடுப்பதும் வீட்டுக்காரர் கடமை. கொதிகலன் உள்ள அறையிற் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியை வைப்பதும் இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபர் முதல் அவர் பொறுப்பாயிற்று. முற்பணத்தைக் கையிற் கொடுக்குமுன்னர், அந்தப் பத்திரத்தையும் அந்தக் கருவியையும் காட்டும்படி கேட்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்புங்கள்.