விசா வந்துவிட்டால் போதுமா?



ஒரு காலத்தில் நம் வீட்டுப் பிள்ளை சபர் சென்றிருக்கிறான் என்றால், வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றிருக்கிறான் என்றே பொருள். இன்றோ கல்வி தேடியும் செல்கிறார்கள். திட்டக்குடியை அடுத்த மங்களூர் போன்ற சிற்றூரிலும் தாயின் நகை அடகுக்குப் போகிறது. நிலப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. மகன் விமானம் ஏறுகிறான். விசா வந்த அன்றே பெற்றோர் தம் கடமை முடிந்ததென்று நிம்மதி கொள்கின்றனர். கவலைப்பட வேண்டிய காலம் அதன் பின்னரே தொடங்குகிறது.

வளைகுடா வேலை விசாவுக்குக் கபீல் யார் என்று கேட்டறிவது நமக்குப் பழக்கம். மாணவர் விசாவுக்குக் கபீல் போன்றது கல்லூரிப் பதிவுதான். அது அறுந்தால் விசா நிலைக்காது.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு மாணவர் விசாவின் 8202ஆம் நிபந்தனை, அரசிடம் பதிவு பெற்ற படிப்பில் மாணவர் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. மாணவர் விலகினால் கல்லூரி 31 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விசா ரத்தானால் மூன்றாண்டுகள் வரை புதிய விசா பெறுவதும் அரிதாகிவிடும். படிப்புக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யவும் அனுமதி இல்லை. அமெரிக்காவிலோ இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் படித்தாக வேண்டும்.

பெயரளவில் சேர்ந்திருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2019 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கியது, விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க அரசே அமைத்திருந்த பொறி! அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்தோரில் முதற்கட்டமாகக் கைதான 130 பேரில் 129 பேர் இந்தியர். ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டுப் பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தாங்கள் ஏமாற்றப்பட்டதாக மாணவர் பலர் முறையிட்டனர். அரசு பொறி வைத்தது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. ஆயினும் கட்டிய பணமும் கழிந்த காலமும் திரும்பவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் பொய்யர்கள் அல்லர். நோய் வருகிறது, பாடம் கடினமாகிறது, கட்டணத்திற்குப் பணம் போதவில்லை. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்பை விட்டு வேலைக்குச் செல்கிறான். மாதந்தோறும் பணம் வருவதைக் கண்டு நாமும் மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியே அவன் வாயை மேலும் அடைத்துவிடுகிறது.

ஆகவே, இடர் வந்தால் வகுப்பிலிருந்து நிற்கும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருப்பின் படிப்பைச் சிலகாலம் ஒத்திவைக்கவோ பாடங்களைக் குறைக்கவோ வழியுண்டு. ரத்து குறித்த அறிவிப்பு வந்துவிட்டால், அறைத் தோழரின் யோசனையை நம்பியிராமல், தகுதி பெற்ற வழக்கறிஞரை நாடி, கெடுவுக்குள் பதில் தர வேண்டும்.

பெற்றோரே! தொலைபேசியில் "வேலை கிடைத்ததா, பணம் எப்போது வரும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தப் பருவத்திற்குப் பதிவு செய்துவிட்டாயா? வகுப்புக்குப் போகிறாயா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் சினந்துவிடாதீர்கள். அவன் உண்மையைச் சொல்ல அஞ்சாத வீடாக நம் வீடு இருக்கட்டும்.